வாசகர் கேள்வி – பதில்: இரண்டு வினாடிகள் இருக்கையில்

கேள்வி: 1990ஆம் ஆண்டு ஜூலியோ சேசார் சாவேஸுக்கும் மெல்ட்ரிக் டெய்லருக்கும் இடையிலான குத்துச்சண்டையை, முடிய இரண்டு வினாடிகளே இருந்த நிலையில் மத்தியஸ்தர் நிறுத்தினார் என்று வாசித்தேன். இது அநீதி அல்லவா?
– உயர்தர மாணவர், நெல்லியடி

பதில்: அந்தப் போட்டியின் ஒளிப்பதிவை எத்தனை தடவை பார்த்தாலும் என் மனம் டெய்லரின் பக்கமே சாய்கிறது, ஆயினும் மத்தியஸ்தரைக் குறைகூற என்னால் முடியவில்லை. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற டெய்லர், தொழில்முறைப் போட்டிகளில் அதுவரை தோல்வியே காணாதவர். மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் பதினொரு சுற்றுகள் முடிந்தபோது, மேடைக்கு வெளியே இருந்து புள்ளியிடும் மூன்று நடுவர்களுள் இருவரின் புள்ளித்தாள்களில் அவர் வெகுவாக முன்னிலையில் இருந்தார். ஆகவே, கடைசிச் சுற்றான பன்னிரண்டாம் சுற்றின் இறுதியில் சாவேஸின் வலக்கைக் குத்தில் விழுந்த பின்னரும், எழுந்து மணி ஒலிக்கும்வரை நின்றிருந்தால் வெற்றி அவருடையதே.

அவர் எழுந்தார். மூலையில் கயிற்றைப் பிடித்தபடி நின்ற அவரிடம், எண்ணி முடித்த மத்தியஸ்தர் ரிச்சர்ட் ஸ்டீல், தொடர முடியுமா என்று கேட்டார். அதே வேளையில் பயிற்சியாளர் லூ டூவா மேடையின் விளிம்பில் ஏறவே, டெய்லர் முகத்தை அவர் பக்கம் திருப்பினார். கேள்விக்குப் பதில் வரவில்லை. ஸ்டீல் இரு கைகளையும் வீசிப் போட்டியை முடித்தார். கடைசிப் பத்து வினாடிகளைக் குறிக்கும் சிவப்பு விளக்கு மூலைக் கம்பத்தில் எரிந்துகொண்டிருந்தது.

நேரத்தைப் பார்ப்பது தன் வேலையல்ல, வீரரின் நிலையைப் பார்ப்பதே தன் வேலை என்பது ஸ்டீலின் வாதம். டெய்லரின் முக எலும்பு முறிந்திருந்தது. ஏராளமான இரத்தத்தை அவர் விழுங்கியிருந்தார். அந்த நிலையில் இன்னுமொரு குத்து விழ இரண்டு வினாடிகள் தாராளமாகப் போதும். என் மனத்தாங்கல் முழுவதும் டெய்லரின் மூலையில் நின்ற பயிற்சிக் குழுவினர் மீதே. வெற்றி கையில் இருந்தபோதும், இந்தச் சுற்றும் வேண்டும் என்று சொல்லி அவரை மோதலுக்கு அனுப்பினார்கள். 1994இல் இருவரும் மீண்டும் மோதியபோது டெய்லர் பழைய டெய்லராக இருக்கவில்லை; எட்டாம் சுற்றில் தோற்றார்.

கேள்வி: சர்ச்சையான முடிவுகளை ஏற்பாட்டாளர்களே திட்டமிடுகிறார்களா?
– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: திட்டமிடுகிறார்கள் என்று சான்றில்லாமல் எழுத மாட்டேன். ஆனால் சர்ச்சையால் அவர்களுக்கு நட்டம் வருவதில்லை என்பதைத் துணிந்து எழுதலாம். 1999 மார்ச் 13 அன்று நியூயோர்க்கில் லெனொக்ஸ் லூயிஸ் 348 குத்துகளைப் பதித்தார் என்றும் இவாண்டர் ஹோலிஃபீல்ட் 130 குத்துகளையே பதித்தார் என்றும் கணக்கெடுக்கப்பட்டது, அறிவிக்கப்பட்டதோ சமநிலை. ஒரு நடுவர் 115–113 என்ற புள்ளிகளில் ஹோலிஃபீல்டுக்கே வெற்றியைக் கொடுத்திருந்தார். நவம்பரில் இருவரும் மறுபடி மோதினர், அரங்கமும் தொலைக்காட்சிக் கட்டணமும் மறுபடி விற்கப்பட்டன, லூயிஸ் தெளிவாக வென்றார். மத்திய கல்லூரி மைதானத்தில் வழங்கப்பட்ட ஓர் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பை வைத்து ஒரு கிழமை வாதாடும் நமக்கு, அந்த எட்டு மாதங்கள் உலகம் எப்படி வாதாடியிருக்கும் என்பது விளங்கும். ஏற்பாட்டாளருக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது.

அமெரிக்காவில் நடுவர்களை நியமிப்பது மாநில ஆணைக்குழுவே எனினும், அவர்களது ஊதியம் ஏற்பாட்டாளரின் பணத்திலிருந்தே வருகிறது. சந்தேகத்தின் வேர் அங்குதான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் முகமது அலியின் பெயரில் இயற்றப்பட்ட சட்டம், ஏற்பாட்டாளர் ஒரு போட்டியில் ஈட்டும் வருமானத்தை வீரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஏற்பாட்டாளரும் வீரரின் முகாமையாளரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்றும் விதித்தது. அச்சட்டத்தை நான் முழுமனதுடன் வரவேற்கிறேன். ஆனால் ஊதியம் வரும் வழியை அது மாற்றவில்லை.

கேள்வி: காதைக் கடித்த மைக் டைசனுக்கு என்ன தண்டனை கிடைத்தது?
– வாசகி, மானிப்பாய்

பதில்: 1997 ஜூன் 28 அன்று மூன்றாம் சுற்றில் ஹோலிஃபீல்டின் காதை இருமுறை கடித்ததற்காக அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். நெவாடா மாநில ஆணைக்குழு அவரது அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்து 30 இலட்சம் டொலர் தண்டமும் விதித்தது. அது அன்றைய இரவு அவர் பெற்ற 3 கோடி டொலரில் பத்திலொரு பங்கு. அனுமதிப்பத்திரமும் 1998 ஒக்டோபரில் அவரிடம் திரும்பி வந்தது.