வீட்டுத் தோட்டத்தில் அலங்கார வெங்காயப் பூச்செடி வளர்க்கலாமா? விதை விழுந்து எங்கும் பரவிவிடும் என்கிறார்களே?

பரவுமா என்றால், எங்கள் வீட்டுக் கிணற்றடியை வந்து பாருங்கள் என்பேன். கானாடுகாத்தான் பக்கம்.

முதலில் எல்லோரும் மயங்குவது, ஊதாப் பந்தாகப் பூக்கும் ஜைகாண்டியம் வகையில்தான். நானும் ஆறு கிழங்கு வரவழைத்தேன். அது பூக்க வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். மார்கழியிலும் ஃபேன் போடுகிற ஊரில் என்ன செய்யும்? நாலு இலை விட்டு, அழுகிப் போனது.

நம் மண்ணில் பிழைத்துப் பூப்பது அல்லியம் ட்யூபரோசம். விதைப் பாக்கெட்டில் கார்லிக் சைவ்ஸ் என்று இருக்கும். மணிப்பூரில் மரோய் நாகூப்பி என்று சமையலுக்கே வளர்க்கிறார்கள். தட்டையான தாள், கசக்கினால் பூண்டு வாடை. பூ மட்டும் வெள்ளை நட்சத்திரக் கொத்து, இனிப்பாக மணக்கும். அந்த மணத்தை நம்பி அப்பத்தா ஒரு வாரம் சாமி வீட்டுப் படங்களுக்கு வைத்தார்கள். பிறகு ஒருநாள் தாளைக் கிள்ளி மோந்துவிட்டு, "பூண்டுப் பூவையாடா சாமிக்கு வச்சேன்? மொதல்லயே சொல்லப்படாதா?" என்று ஒரே சத்தம். தொட்டியில் இருந்த செடியைக் கிணற்றடித் தரையில் கொண்டுபோய் நட்டேன்.

வினை அங்கேதான். காய் வெடித்து, கன்னங்கரேல் என்று விதை கொட்டியது. ஒரே செடிதானே என்று இருந்துவிடக் கூடாது. இதில் விதைக்கரு பெரும்பாலும் கருவுறாமலே தாய்ச்செடியின் நகலாக உருவாகிவிடும். ஐப்பசி மழைக்குச் செம்புறாங்கல் இடுக்கு, துவைகல் ஓரம் எங்கும் நூல் நூலாக முளைத்தது. புல் என்று விட்டுவிட்டேன். மறுவருடம் பிடுங்கினால் தாள்தான் கையோடு வந்தது. வேர்க்கட்டை கல்லுக்கடியில் தங்கி, திரும்பத் துளிர்த்தது.

ஆகவே தொட்டியோடு நிறுத்துங்கள். பூ வாடத் தொடங்கியதும் தண்டோடு நறுக்கிவிட வேண்டும். மொட்டிலேயே நறுக்கினால் இன்னும் நல்லது, முட்டைப் பொடிமாஸுக்கு அவ்வளவு ருசி. வெங்காயக் குடும்ப விதைக்கு ஆயுசு குறைவு என்பதால், புது விதை விழாமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு வருடத்தில் முளைப்பது குறையும். மாடோ நாயோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகள் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

இப்போது என்னிடம் இரண்டே தொட்டி. துவைகல்லுக்கு அடியில் இருப்பதை எடுக்க, கல்லையே பெயர்க்க வேண்டும். அதற்கு அப்பத்தா விடமாட்டேன் என்கிறார்கள்.