‘ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூ’ என்றால் என்னதான் அர்த்தம்?

கேள்வி: எங்கள் பைத்தான் டெஸ்ட்கள் (புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகள்) ராத்திரி 2 மணிக்கு ஓடுகின்றன. காலையில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஃபெயில். எல்லாவற்றிலும் ‘ஃபால்ஸ் இஸ் நாட் ட்ரூ’ என்று ஒரே வரி. காரணம் தேடியே மதியமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த வரியோடு நானும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், தம்பி. பொய் மெய்யல்ல என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டரா!

கொடுத்தது மெய்யா என்று மட்டும் பார்க்கிற ‘அஸர்ட் ட்ரூ’ கட்டளைக்குள் ஒப்பீட்டை எழுதியிருப்பீர்கள். ஒப்பீடு முன்பே முடிந்து, ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும்தான் உள்ளே போகும். எதை எதோடு ஒப்பிட்டோம் என்பது அங்கேயே தொலைந்துவிடும். ‘அஸர்ட் ஈக்வல்’ போட்டால் இரண்டு மதிப்புகளும் அச்சாகும். பைடெஸ்ட் என்கிற டெஸ்ட் கருவியில் வெறும் ‘அஸர்ட்’ எழுதினாலே இரண்டு பக்கத்தையும் காட்டிவிடும்.

நான் முன்பு இருந்த இடத்தில் பில் தேதிக்கு ஒரு டெஸ்ட். ராத்திரி ஃபெயில், காலையில் வந்து மறுபடி ஓட்டினால் பாஸ். ‘அது அப்படித்தான்’ என்று மூன்று வாரம் விட்டுவிட்டோம். வெறுத்துப்போய் ‘ஈக்வல்’ என்று மாற்றினேன். மறுநாள் காலை வரவேண்டிய தேதி 7, வந்தது 6 என்று நின்றது. சரி, ஒரு நாள் எங்கே போயிற்று? சர்வர் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவிலிருந்து விடிகாலை 5.30 வரை போட்ட பில்லுக்கெல்லாம் முந்தின நாள் தேதி! டெஸ்ட் தினமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை.

கூடவே, ஃபெயில் ஆனால் அச்சாகும்படி ‘அஸர்ட்’ வரியில் உங்கள் சொந்தச் செய்தி ஒன்றும் சேருங்கள். பைத்தான் 3-இல் அது மதிப்புகளை மறைக்காது, பக்கத்திலேயே வரும். ‘பில் தவறு’ என்று எழுதாதீர்கள், அது தெரிந்ததுதான். பில் எண், யார் கணக்கு, எத்தனை மணி என்று எழுதுங்கள்.

ஒரே டெஸ்டுக்குள் 40 ஊர்களை லூப்பில், ஒன்றன்பின் ஒன்றாக, சோதித்தால் முதல் தவறிலேயே நின்றுவிடும், எந்த ஊர் என்றும் தெரியாது. ‘சப்டெஸ்ட்’ போட்டு ஊர்ப் பெயரைக் கொடுங்கள். தவறிய ஊர்கள் அத்தனையும் பெயரோடு வரும்.

அப்புறம், பிரவுசர் டெஸ்டில் ‘எலிமென்ட் கிடைக்கவில்லை’ (தேடிய பட்டனோ பெட்டியோ பக்கத்தில் இல்லை) என்று வந்தால் அந்த நொடியே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வையுங்கள். பாதி நேரம் திரையில் லாகின் பக்கம்தான் நின்றுகொண்டிருக்கும்.