வேலைக்குப் போகிறவர்கள், மீட்கப்பட்ட பூனைக்குட்டிகளைத் தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

ஆறு வாரம் தாண்டிய குட்டிகள் என்றால் தாராளமாக முடியும். நீங்கள் வயதைச் சொல்லவில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. கண் திறக்காத குட்டிக்கு இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். நான்கு வாரம் ஆன பிறகுதான் தட்டில் வைத்ததை நக்கிச் சாப்பிடப் பழகும். பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் ஆறு வாரத்துக்குக் கீழ் எடுக்காதீர்கள். இப்படிச் சொன்னால் ‘இரக்கமில்லாதவர்’ என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும். விடிகாலை மூன்று மணிக்கு யார் எழுந்து பால் கலக்குவார்கள் என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்காது.

சின்னக் குட்டிதான் கிடைத்தது, ஆளும் வீட்டில் இருக்கிறார் என்றால், முதலில் சூடு, அப்புறம்தான் பால். வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருக்கிற குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. உடம்பு குளிர்ந்தால் குடல் அசையாது; பால் வயிற்றிலேயே தேங்கி, மேலேறி நுரையீரலுக்குள் போகும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு தாங்காவிட்டால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். முதல் வாரக் குட்டிக்குப் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கட்டும்.

பசும்பால் வேண்டாம்; அதில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை அதிகம், புரதமும் கொழுப்பும் குட்டிக்குப் போதாது. வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் இவ்வளவு சின்ன உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைத்தான் வாங்க வேண்டும். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மி.லி. என்பது உச்ச அளவு. 200 கிராம் குட்டிக்கு 8 மி.லி.க்கு மேல் வேண்டாம். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காமல், குப்புறப் படுத்த நிலையில் தலையை லேசாகத் தூக்கிக் கொடுங்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகினால் ஓட்டை பெரிது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிறகு மூச்சில் கரகரப்பு கேட்டால் மருத்துவரிடம் போக மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று வாரம்வரை தானாகச் சிறுநீர், மலம் போகாது. ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்புறத்தைத் தடவிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், பாட்டிலுக்கு முன்னால் வாங்க வேண்டியது கிராம் காட்டும் தராசு. தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் நல்லது. ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனம், குறைந்தால் மருத்துவர். விளையாடிக்கொண்டே இருக்கிற குட்டியும் உள்ளுக்குள் இளைத்துக்கொண்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் குட்டிக்கு இரண்டு வாரம் தனி அறை, தனிச் சாப்பாட்டுத் தட்டு, மலம் கழிக்கத் தனி மணல் தட்டு. பூனைகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் கிருமி மாதக்கணக்கில் தரையிலேயே உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. நாய்க்கான உண்ணி மருந்தைக் குட்டி மேல் ஊற்றாதீர்கள். பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். தண்ணீர் பட்டால் கட்டியாகும் மணலையும் தவிர்த்துவிடுங்கள், குட்டிகள் அதைத் தின்னும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகளை அள்ளிக்கொண்டு வந்து ‘மீட்டேன்’ என்று படம் போடுகிறவர்களால்தான் பாதி வேலை. குட்டிகள் சூடாக, வயிறு நிறைந்து, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள்.

குட்டியை ஏற்கும்போதே மருத்துவச் செலவு யாருடையது, நடுராத்திரியில் யாரை அழைப்பது, உங்களால் முடியாமல் போனால் யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு வாரம் ஆகாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம், ‘குட்டியாக இருந்தால்தான் அழகு’ என்று எவ்வளவு கெஞ்சினாலும் சரி. கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள், இதுவரை சாப்பிட்ட அதே உணவு ஒரு வாரத்துக்கு.