வெள்ளைக் கரடியும் பால் கணக்கும்

கேள்வி: எழுத்து வந்த பிறகுதான் மனிதன் தர்க்கமாகச் சிந்திக்கத் தொடங்கினான் என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: அப்படிச் சொல்பவர்கள் சாட்சிக்கு அழைப்பது ஒரு கரடியை. சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931-32இல் உஸ்பெகிஸ்தான் பக்கம் போய், எழுத்தறியாத விவசாயிகளிடம் ஒரு புதிர் போட்டார். பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? ஒருவர் சொன்ன பதிலின் சாரம்: நான் பார்த்தது கறுப்புக் கரடி, வேறு எதையும் பார்த்ததில்லை. சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகியவற்றைக் காட்டிச் சேராதது எது என்றபோதும், எதையும் விலக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கட்டை இல்லாவிட்டால் ரம்பம் எதற்கு?

கொஞ்சம் படித்தவர்களோ 'வெள்ளை' என்று சொல்லிவிட்டார்கள். சரி, எழுத்தின் மகிமை என்று முடித்துவிடலாமா? அங்கேதான் லைபீரியா குறுக்கே வருகிறது. அங்குள்ள ஓர் இனத்தாரின் பெயர் வாய் (ஆம், நம் வாயேதான், ஆனால் 1830களிலேயே சொந்த எழுத்து கண்டவர்கள்). அந்த எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்பதில்லை. உறவினரிடமோ நண்பரிடமோ கற்றுக் கடிதமும் கணக்கும் எழுதுவார்கள். சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் இவர்களை ஆராய்ந்து 1981இல் நூலாக வெளியிட்டார்கள். கரடி மாதிரிப் புதிர்களில் தேறியவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள். வாய் எழுத்து மட்டும் அறிந்தவர்களுக்கு அதில் பெரிய அனுகூலம் இல்லை. ஆனால் ஒரு விளையாட்டை அதை அறியாத ஒருவருக்குத் தெளிவாக விளக்குவதில் அவர்கள் கெட்டி. கடிதம் எழுதிய கை அல்லவா!

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கரடிப் புதிரைக் கேட்டிருந்தால், "நீ போய்ப் பார்த்தாயா?" என்றிருப்பார். ஆள் தெரியாமல் சொல்லை நம்பாத பிடிவாதம் அது. அதை வகுப்பறைதான் கழற்றிவிடுகிறது. ராமனிடம் பத்து மாம்பழம் இருந்தன என்று வாத்தியார் சொன்னால், எந்த ராமன் என்று கேட்கக் கூடாது.

கேள்வி: உலகில் முதலில் எழுதப்பட்டது கவிதையா, கடவுள் வாழ்த்தா?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த பதில்தான்: கணக்கு. இராக்கில் உள்ள பழைய உருக் நகரில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஈரக் களிமண்ணில் வாற்கோதுமை இவ்வளவு, ஆடு இவ்வளவு, பீர் இவ்வளவு என்று குறித்து வைத்தார்கள். இலக்கியம் வரச் சில நூற்றாண்டுகள் ஆயின.

என் பாட்டியும் அதே கட்சி. அடுப்படிச் சுவரில் ஆழாக்குக்கு ஒரு கரிக்கோடு; பால் வராத நாளுக்கு ஒரு சுழி. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் மார்கழிக் கணக்கையும் சேர்த்து அடித்துவிட்டார். அந்த மாதம் பால்காரர் சொன்னதுதான் கணக்கு.