காட்டுயிர் ஒளிப்படம் எடுப்பதால் அவை வாழும் இடங்களைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் படத்தில் அந்த இடமும் இருக்க வேண்டும். தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். இதைப் புரிந்துகொள்ளவே அதில் பாதிக் காலம் போய்விட்டது.

தொடக்கத்தில் பெரிய லென்ஸும் நானும்தான். நாமக்கோழி என்ற நீர்ப்பறவையின் சிவந்த கண் துல்லியமாக விழும். பின்னால் மங்கலான பச்சை. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையோரத்தில் லாரிப் புழுதிக்கு நடுவே நின்று எடுத்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அருமை என்றார்கள். எங்கே எடுத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒரு ஜனவரிக் காலையில் சின்ன லென்ஸை மாட்டினேன். வரிசையாகப் பூநாரைகள், அவற்றுக்குப் பின்னால் பெருங்குடிக் குப்பைமேடு, அதன்மேல் வட்டமிடும் பருந்துகள், அதற்கும் அப்பால் கண்ணாடிக் கட்டடங்கள். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் வைத்தோம். வேளச்சேரியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். படத்தில் நீர்ப்பரப்பின்மேல் விரலை ஓட்டியபடியே, "இவ்வளவும் இங்கே நிற்காவிட்டால் எங்கள் தெருவுக்குத்தானே வரும்?" என்றார். ஆமாம், ஐயா. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. சதுப்புநிலத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால், தண்ணீர் தங்க வேறு இடம் தேடுகிறது. மறுவாரமே அவர் என்னுடன் வந்தார். இப்போது எங்காவது கட்டட இடிபாடுகளைக் கொட்டினால் முதல் மனு அவருடையதுதான்.

2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. சுமார் 1,247 ஹெக்டேர். பெரிய வெற்றிதான். ஆனாலும் இரவில் வரும் லாரியைப் பார்த்துச் சொல்ல, இடத்தை அறிந்த மனிதர்கள் வேண்டும். படம் அவர்களை உண்டாக்கும்.

கெடுக்கவும் செய்யும். நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். மிதக்கும் இலைகளின்மேல் செம்பு நிறத்தில் பளபளக்கும் நான்கு முட்டைகள். கூடு என்று சொல்லவே அங்கே ஒன்றும் இருக்காது. ஒருமுறை இருவர் முழங்கால் நீரில் இறங்கி அதை நோக்கிப் போனார்கள். பறவை எழுந்து கத்திக்கொண்டே சுற்றியது. கரையிலிருந்து நான் கூப்பிட்டும் அவர்கள் திரும்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, காகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் முட்டைகள் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்றே வரையறுக்கிறது. கையில் துப்பாக்கி இல்லை, கேமராதான் இருந்தது என்பதால் அது வேறாகிவிடாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் கூட்டைப் படம் எடுப்பதில்லை. கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்வதுமில்லை. பறவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டால் இரண்டடி பின்வாங்குவேன்.

நீங்கள் சென்னையில் இருந்தால் பூநாரைகள் வரும் பருவத்தில் ஒரு ஞாயிறு காலை வாருங்கள். கைபேசியே போதும். குப்பைமேட்டையும் சேர்த்து எடுங்கள்.