இரண்டு பாலிசி எடுத்தால் இரண்டு மடங்கு பணமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கும் தங்கை, காப்புறுதி முகவர் தேர்வான பிசிஇ-க்குப் படிக்கிறார். "இரண்டு ஆயுள் பாலிசி இருந்தால் இரண்டும் பணம் தரும் என்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு தீ பாலிசி எடுத்தால் ஏன் அப்படி இல்லை? மாதிரி வினாவில் இரண்டு முறை தப்பாக எழுதிவிட்டேன்" என்று கேட்டிருக்கிறார்.

தீ பாலிசி நட்டத்தை ஈடுகட்டத்தான். லாபம் தர அல்ல. புத்தகத்தில் இதை இன்டெம்னிட்டி என்பார்கள். 1,20,000 வெள்ளி வீட்டை ஒரு கம்பெனியில் 1,20,000-க்கும் இன்னொன்றில் 60,000-க்கும் எழுதியிருக்கிறீர்கள். அடுப்படி எரிந்து 30,000 வெள்ளி நட்டம். எழுதிய தொகைகள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருப்பதால், முதல் கம்பெனி 20,000, அடுத்தது 10,000 தரும். மொத்தம் அதே 30,000. இந்தப் பங்கீட்டுக்குத்தான் கான்ட்ரிபியூஷன் என்று பெயர். ஒரு கணக்கில் முடிவதைப் பாடநூல் ஏன் சட்டமொழியில் பக்கம் பக்கமாக இழுக்கிறது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அப்பாவின் உயிருக்கு விலை போட முடியாது. அதனால் ஆயுள் காப்புறுதி ஈடுகட்டும் ஒப்பந்தமல்ல. எழுதிய தொகை அப்படியே வரும், இரண்டிலும். விபத்தில் இறந்தால் தனிநபர் விபத்துக் காப்புறுதியும் இப்படித்தான்.

ஆனால் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும் காப்புறுதியான மெடிக்கல் கார்டு வேறு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உயிர், உடம்பு என்றதும் ஆயுள் பாலிசிபோல நினைத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி பில் கணக்குப் போடக்கூடிய செலவு. பில் 9,000 வெள்ளி, முதல் கார்டு 6,000 கட்டியது என்றால், இரண்டாவதில் மிச்சம் 3,000-க்குத்தான் கேட்கலாம். முதல் கார்டே முழுசாகக் கட்டிவிட்டால் இரண்டாவதற்கு வேலையே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒருநாளைக்கு இவ்வளவு என்று தரும் பாலிசி மட்டும் பில்லைப் பார்க்காது. அதையும் மெடிக்கல் கார்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

இதைத் தெரிந்துகொண்டே, சம்பள நாளன்று தோட்டத்துக் கடைவாசலில் மேசை போட்டு, "ரெண்டு கார்டு வைச்சுக்கோ அண்ணே, ரெண்டுலயும் பணம்" என்று விற்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கமிஷன் அவருக்கு இரண்டு, பிரிமியம் உங்களுக்கு இரண்டு. புகார் கொடுத்தால் பாரம், கடிதம், மறுபடி பாரம்! அவர்களிடம் வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். நீங்கள் முகவரானபின் யாரிடமும் வாங்கவும் வாங்காதீர்கள். நோய் விவரத்தை முகவர் மறைத்து எழுதினாலும் கையெழுத்து பாலிசி எடுப்பவருடையது.

தேர்வில் "எது இன்டெம்னிட்டி ஒப்பந்தமல்ல?" என்று கேட்டால், ஆயுள் காப்புறுதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பக்கத்திலேயே மெடிக்கல் கார்டும் இருக்கும், தொடாதீர்கள்.