கொலஸ்ட்ரால் இருப்பவர் நண்டு சாப்பிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 236, எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 152, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 230 என்று வந்திருக்கிறது. பிபி மாத்திரையும் போடுகிறார். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் நண்டுதான். 'நண்டு முழுக்கக் கொழுப்பு, நிறுத்திடு' என்கிறார் நாத்தனார். 'எலும்புக்கு நல்லது, விடாதே' என்கிறார் மாமியார். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும், அதனால் அவளுக்கு மட்டும் இறாலுக்குப் பதில் நண்டு. அதிலும் இரண்டு தடவை நாக்கு லேசாக அரித்தது, அவ்வளவுதான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: கணவர் விஷயம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் ஒன்றும் ஆகாது. மகளுக்கு நண்டு கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிற அந்த நாக்கு அரிப்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இறாலில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்கிற புரதம். கிட்டத்தட்ட அதே புரதம் நண்டிலும் சிங்க இறாலிலும் இருக்கிறது, வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது, அதனால் 'நல்லா வெந்தா ஒண்ணும் பண்ணாது' என்கிற பேச்சு இங்கே செல்லாது. இரண்டு தடவை நாக்கு அரித்ததோடு நின்றது என்பதற்காக மூன்றாவது தடவையும் அப்படியே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நண்டு கொதிக்கும்போது வரும் ஆவியே சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும், அதனால் சமைக்கிற நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்க வேண்டாம். இறால் பொரித்த எண்ணெயில் அவளுக்கு மீன் பொரிக்காதீர்கள். மீன் வேறு கதை, இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒவ்வாமை நிபுணரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அதுவரைக்கும் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குரல் கரகரத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ, தடிப்போடு வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, வீட்டில் இருக்கிற, அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காப்பாற்றும், மாத்திரை அதற்கு ஈடாகாது.

சரி, இப்போது கணவர்.

வெந்த நண்டுச் சதை 100 கிராமில் சுமார் 85 முதல் 100 கலோரி, 18 கிராம் அளவுக்குப் புரதம், கொழுப்பு வெறும் 1 கிராம் சொச்சம். 'முழுக்கக் கொழுப்பு' என்று உங்கள் நாத்தனார் சொன்னது தப்பு, ஆனால் அவர் எங்கிருந்து சொல்கிறார் என்பது புரிகிறது. கொலஸ்ட்ரால் அதே 100 கிராமில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பெரிய முட்டையில் 185 வரை இருக்கும். உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது, ரத்தத்தில் அதை ஏற்றிவிடுவதில் நெய், தேங்காய் எண்ணெய் மாதிரியானவற்றில் இருக்கும் நிறைகொழுப்புக்குத்தான் பங்கு அதிகம், நண்டுச் சதையில் அது மிகக் குறைவு. அமெரிக்க உணவு வழிகாட்டியில்கூட 'நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது' என்று இருந்த வரம்பை 2015இல் எடுத்துவிட்டார்கள்.

அதோடு, ஒரு கிலோ நண்டு வாங்கினால் ஓடும் செவுளும் போக கையில் தேறும் சதை கால் கிலோ, மிஞ்சினால் கொஞ்சம் கூட. நாலு பேர் பிரித்துச் சாப்பிடுகிற வீட்டில், இலை ஓரத்தில் ஓடு மலைபோல் குவிந்திருந்தாலும் ஒருவர் வயிற்றுக்குள் போனது 60, 70 கிராம்தான்.

ஆனால் முதுகு ஓட்டைப் பிரித்ததும் உள்ளே மஞ்சளாக, ஆரஞ்சாக இருக்குமே, அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெண் நண்டு என்றால் அதில் ஒரு பகுதி சினை. மற்றது நண்டின் செரிமானச் சுரப்பி, நம் கல்லீரல் செய்யும் வேலையையும் அதுவே பார்க்கிறது. கொழுப்பும் கொலஸ்ட்ராலும் சதையைவிட அங்கேதான் கூடுதல், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் தங்குவதும் அங்கேதான். ருசி அங்கேதான் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், கடலூர்க்காரன்தானே நானும்! இருந்தாலும் உங்கள் கணவர் அதை விட்டுவிட்டு, கால், கொடுக்கு, நடுவில் இருக்கும் வெள்ளைச் சதையோடு நிறுத்திக்கொள்ளட்டும். முதுநகர் துறைமுகத்தில் ஐஸில் கிடக்கும் நீல நண்டு, முக்கண் நண்டு என்றாலும் சரி, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கமிருந்து கால் கட்டி உயிரோடு வரும் களி நண்டு என்றாலும் சரி, இதில் மாற்றமில்லை.

மாமியார் சொன்னதில் பாதி சரி. நண்டில் பி12 நிறைய, 100 கிராமில் 3 மைக்ரோகிராமுக்கு மேல், ஒரு நாளைக்குத் தேவையானது அதைவிடக் குறைவுதான். துத்தநாகம், செலினியம், தாமிரம் எல்லாமே நல்ல அளவில் இருக்கின்றன. எலும்புக்கு என்று சொன்னதுதான் இடிக்கிறது. சுண்ணாம்பெல்லாம் ஓட்டில் இருக்கிறது, ஓட்டை நாம் துப்பிவிடுகிறோம். சதையில் 100 கிராமுக்கு 90 மில்லிகிராம் கால்சியம் வந்தால் அதிகம், ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல் கிடைக்கிறது. ஓட்டோடு கொதிக்கவைத்த ரசம் மூட்டுவலிக்கு மருந்து என்பதையும் நான் நம்பவில்லை. சளி பிடித்தபோது குடித்தால் சுகமாக இருக்கும், அது மிளகும் சூடும் செய்கிற வேலை.

பிபிக்கு வருவோம். கடல் நண்டுச் சதையிலேயே 100 கிராமுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, நாளைக்கு 2000க்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் நண்டு வேகும்போது ஒரு உப்பு, மசாலாவில் ஒரு உப்பு, தொட்டுக்கொள்ள அப்பளம், ஊறுகாய் என்று போகக் கூடாது. தேங்காயை அரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்க வைக்கிற குழம்பைவிட மிளகு, பூண்டு தட்டிப் போட்டு இரண்டு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டுவது இவருக்கு நல்லது. தேங்காயில் இருப்பது நிறைகொழுப்பு, இவருடைய எல்டிஎல்லுக்கு நண்டைவிட அதுதான் பகை. பாண்டி உணவகங்களில் நண்டு என்ற பெயரில் வரும் சிவப்பு ஓரம் போட்ட குச்சிகளை நண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை பெரும்பாலும் மீன் கூழும் மாவும் உப்பும்தான்.

அந்த ட்ரைகிளிசரைடு 230 நண்டால் வந்ததில்லை. நண்டுக் குழம்பு என்றால் வழக்கமாகப் போடுகிற சோற்றுக்கு மேல் இன்னும் ஒரு கரண்டி, அதுதான் அதை ஏற்றும். அப்புறம் ஞாயிறு மத்தியானம் நண்டு வறுவலுக்குத் துணையாக வேறு எதுவும் ஊற்றுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊற்றினால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

வாரம் ஒரு நாள் நண்டு, இந்த அளவோடு, தொடரலாம். எல்டிஎல்லுக்கு மாத்திரை தேவையா என்பதை பிபி, சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் வைத்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். மூன்று மாதம் கழித்து லிப்பிட் பரிசோதனை எடுக்கும்போது யூரிக் ஆசிட்டையும் (அது கூடினால் கவுட் என்கிற மூட்டு வீக்கம் வரலாம்) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது கூடுதலாக இருந்தாலோ, கால் கட்டைவிரல் திடீரென்று சிவந்து வீங்கி வலித்திருந்தாலோ, எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது நண்டைப் பற்றி நான் சொல்வது வேறாக இருக்கும்.